வலது வளைவில் மட்டும் வண்டி திணறினால்

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பக்கத்தில் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்குப் பழைய 1.2 பெட்ரோல் ஸ்விஃப்டை ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். முதல் சில லாப் சுத்தமாகப் போகிறது. டாங்க் பாதிக்கு இறங்கியதும் நீளமான வலது வளைவின் கடைசியில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி உதறுகிறது, ஓரிரு நொடி இழுவையே இல்லை, நேர் ரோட்டுக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. போன வருஷம் இதே தொல்லை டாங்க் கால்வாசிக்கு வந்த பிறகுதான் இருந்தது. டாங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பை மாற்றினீர்கள். இப்போது பாதியிலேயே ஆரம்பித்துவிடுகிறது. அடுத்து எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் செட்டை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

வேண்டாம், இப்போதைக்கு இன்ஜெக்டரைத் தொடாதீர்கள். இன்ஜெக்டருக்கு இடது வலது தெரியாது, டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியாது. உங்கள் தொல்லைக்கோ இரண்டுமே தெரிந்திருக்கிறது. நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது எந்த பார்ட்டை மாற்றுவது என்பதை அல்ல. பெட்ரோல், பம்ப்பின் வாய்க்கே எட்டாமல் போகிறதா, எட்டியும் பம்ப்பால் தள்ள முடியவில்லையா, அல்லது பெட்ரோலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா என்பதுதான் கேள்வி. இந்த மூன்றும் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் ஆளுக்கொரு பார்ட்டைச் சொல்கிறார்கள். எனக்கு ஓசூர் ரோடு பக்கம் சின்ன ஒர்க்‌ஷாப், பெரும்பாலும் இன்ஜெக்‌ஷன் வேலைதான், ட்ராக் நாட்களில் பிட்டில் நிற்பதும் உண்டு. வருகிற வண்டிகளில் பாதி, ஏற்கெனவே மூன்று நாலு பார்ட் மாற்றிவிட்டு வருகிறவை.

டாங்குக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சாதாரண ரோட்டு டயரில் நல்ல வளைவில் 0.8 ஜி வரை, அதாவது எடையில் 80 சதவீதம் வரை, பக்கவாட்டு விசை வரும். அந்த விசையில் டாங்கில் இருக்கும் பெட்ரோலின் மேல்மட்டம் ஏறக்குறைய 39 டிகிரி சாய்ந்து நிற்கும். ஒட்டுகிற டயர் போட்டு 1 ஜி தொட்டால் 45 டிகிரி. வலது வளைவில் பெட்ரோல் முழுக்க இடது சுவரில் ஏறி நிற்கும். வளைவு முடியும் இடத்தில் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்தால் பின்னாலும் ஒதுங்கும். ஸ்ட்ரா போட்ட இளநீரைப் பாதி குடித்த பிறகு சாய்த்துப் பிடித்து உறிஞ்சுவது போலத்தான். உள்ளே தண்ணீர் நிறைய இருக்கும், ஸ்ட்ராவில் வருவது காற்று.

இதற்காகத்தான் பம்ப்பைச் சும்மா டாங்கில் தொங்கவிடுவதில்லை. பம்ப்பைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கப் இருக்கும், பம்ப் அந்தக் கப்புக்குள்ளிருந்துதான் இழுக்கும். கப்பின் அடியில் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். டாங்கில் இருப்பது உள்ளே வரலாம், உள்ளே வந்தது வெளியே போகக்கூடாது. பல வண்டிகளில் இதோடு ஒரு ஜெட்டும் உண்டு. பம்ப் தள்ளும் பெட்ரோலில் ஒரு பங்கு மெல்லிய துளை வழியே பீய்ச்சியடிக்கும், அந்த வேகத்தில் டாங்கிலிருக்கும் பெட்ரோலையும் கூடவே இழுத்துக் கப்பை எப்போதும் நிரப்பி வைக்கும். டாங்க் கால்வாசியில் இருந்தாலும் கப் நிறைந்தே இருக்கும், அதுதான் ஏற்பாடு.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. உங்கள் எஞ்சின் முழு பவரில் ஓடும்போது நொடிக்குச் சுமார் 7, 8 மில்லி பெட்ரோல் குடிக்கும். கப் அரை லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால்கூட, வெளியிலிருந்து ஒரு சொட்டு வராமல் ஒரு நிமிஷம் தாங்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் எந்த வளைவிலும் ஒரு நிமிஷம் நிற்கப் போவதில்லை. ட்ராக் மொத்தமே 3.7 கிலோமீட்டர்தான். ஆக, பாதி டாங்கில் ஐந்தாறு நொடி வளைவில் பம்ப் காற்று இழுக்கிறது என்றால், கப் நிறையவே இல்லை, அல்லது நிறைந்தது நிற்கவில்லை. பாதி டாங்க் என்றால் பெட்ரோல் ஆடத்தான் செய்யும், ட்ராக் வண்டி என்றால் இதெல்லாம் சகஜம் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். கால் டாங்குக்குக் கீழே அந்தப் பேச்சு சரி. பாதியில் சரியில்லை.

அதனால்தான் பம்ப் மாற்றிய பிறகு இன்னும் மோசமானது என்ற ஒரு வரி எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. பம்ப்பும் கப்பும் சேர்ந்த முழு மாட்யூலையும் மாற்றினால் செலவு என்று, பெங்களூர் ஜே.சி. ரோட்டு பார்ட்ஸ் கடைகளில் பம்ப் மோட்டாரை மட்டும் வாங்கி வந்து பழைய கப்புக்குள் போடுவது நம் ஊரில் வழக்கம். அதில் தப்பில்லை, நானும் செய்கிறேன். ஆனால் அந்த வேலையில் கெட்டுப்போகிற இடங்கள் சில உண்டு. கப்புக்குள் இருக்கும் வரிவரியான பிளாஸ்டிக் குழாய் காலப்போக்கில் விறைத்துப்போயிருக்கும். கழற்றும்போது நுனியில் முடிபோல ஒரு கீறல் விழும், கண்ணுக்குத் தெரியாது. மாட்டினால் உட்கார்ந்துவிடும், பிரஷரில் கசியும். ஜெட்டுக்குப் போகிற சின்ன ஹோஸ் மாட்டாமலே விடப்பட்டிருக்கும், அல்லது மடங்கிக் கிடக்கும். புது பம்ப் பழையதைவிட ஒரு விரல் நீளமோ குட்டையோ இருந்தால் அடியிலிருக்கும் வலை ஃபில்டர் கப்பின் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கும். சில வேளை மாட்யூலே டாங்கின் தரையில் உட்காராமல் கொஞ்சம் தூக்கி நிற்கும். இதில் எதுவாக இருந்தாலும் ஊருக்குள் ஓட்டும்போது தெரியவே தெரியாது. பெங்களூரிலிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று அத்தனை தூரம் போனாலும் தெரியாது.

நீங்களே செய்து பார்க்கக்கூடிய முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். அடுத்த முறை ட்ராக்குக்குப் போகும்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துப் பங்க்கில் முக்கால் டாங்குக்கு மேல் போட்டுக்கொண்டு இறங்குங்கள். அதே வளைவு, அதே வேகம். தொல்லை சுத்தமாக மறைந்து, பாதிக்கு வந்ததும் திரும்பி வந்தால் விஷயம் டாங்குக்குள்தான் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். எடை கூடிவிடுமே என்று பயப்பட வேண்டாம், கூடுதலாக 15 லிட்டர் போட்டால் 11 கிலோதான். அதோடு இடது வளைவுகளையும் கவனியுங்கள். வலதில் மட்டும் வந்து இடதில் வரவே வராவிட்டால் அது டாங்கைக் காட்டும் இன்னொரு அடையாளம். இரண்டிலும் வந்தால், நேர் ரோட்டின் கடைசியிலும் வந்தால், கதை வேறு.

அந்த வேறு கதை பம்ப்புக்கு இப்பால் நடப்பது. ஃபில்டர் அடைப்பு, பம்ப்பின் தேய்மானம், வயரிங். இவை வளைவைப் பார்த்து வருவதில்லை. அதிக ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலேட்டரில் நீண்ட நேரம் இருக்கும்போது, அதாவது நேர் ரோட்டின் கடைசி நூறு மீட்டரில், மெல்ல மெல்ல இழுவை குறையும். உதறல் கிடையாது, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். வயரிங் பலர் மறந்துபோகிற இடம். பேட்டரியில் 14 வோல்ட் இருப்பது முக்கியமில்லை, பம்ப் கனெக்டரில், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது எவ்வளவு வருகிறது என்று பார்க்க வேண்டும். வழியில் கருகிய ரிலே, துருப்பிடித்த எர்த் என்று ஒன்றிரண்டு வோல்ட் காணாமல் போயிருந்தால் எத்தனை பம்ப் மாற்றினாலும் பிரயோசனமில்லை.

இங்கே பெங்களூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் வரை குறைவு. எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றும் அந்த அளவு குறைவு, கேட்கும் பெட்ரோலும் குறைவு. வண்டியை இங்கே டெஸ்ட் செய்து எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவோம். இருங்காட்டுக்கோட்டையில் அதே எஞ்சின் கூடுதலாகக் கேட்கும், வெயிலில் டாங்கும் சூடாகியிருக்கும். நூலிழையில் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்த பம்ப் அங்கேதான் கைவிடும். இதோடு இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதே காற்றுக்கு அளவு கூடுதலாக வேண்டும். எத்தனால் கலக்காத பெட்ரோலோடு ஒப்பிட்டால் ஏழெட்டு சதவீதம், முன்பு இருந்த இ10-உடன் ஒப்பிட்டால் நாலு சதவீதம் போல. இ20-தான் உங்கள் வண்டியைக் கெடுத்தது என்று நான் சொல்லவில்லை, அந்தக் கட்சி கட்டுகிற சண்டைக்குள் போக எனக்கு விருப்பமுமில்லை. ஏற்கெனவே ஓரத்தில் நிற்கிற பம்ப்பை இன்னும் கொஞ்சம் தள்ளும், அவ்வளவுதான். பழைய டாங்கில் படிந்திருந்த அழுக்கை எத்தனால் கிளப்பிவிட்டு வலை ஃபில்டரில் சேர்ப்பதும் உண்டு. கழற்றும்போது அந்த வலையைப் பாருங்கள். அது கறுத்து, பிசுபிசுவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள், கழுவி மாட்டாதீர்கள்.

மூன்றாவது, பெட்ரோலே இல்லாத காரணங்கள். தீப்பொறி கொடுக்கும் காயிலோ பிளக்கோ சூட்டில் விட்டுப்போனால் மிஸ்ஃபயர் வரும், அதாவது உள்ளே போன பெட்ரோல் எரியாமல் போகும். அந்த உதறல் வெட்டு வெட்டென்று, சட்டென்று வந்து சட்டென்று போகும், சில நேரம் சைலன்சரில் வெடிக்கும். ஒரு வயர் கட்டு வளைவில் எஞ்சின் சாயும்போது இழுபட்டுத் தொடர்பு விட்டுப்போவதும் உண்டு. வலது வளைவில் மட்டும் வருவதற்கு இதுவும் ஒரு காரணம், இதை நான் ஒதுக்கவில்லை. ஆனால் இழுபடுகிற வயருக்கு டாங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது பொருட்டே இல்லை. முக்கால் டாங்க் சோதனையிலேயே தெரிந்துவிடும். வழுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்பி இருக்கிற வண்டிகளில் வளைவில் கம்ப்யூட்டரே த்ராட்டிலை மூடிவிடும், ஓட்டுகிறவர் பெட்ரோல் போகவில்லை என்று நினைப்பார். உங்கள் வண்டியில் அது இல்லாவிட்டால் இந்த வரியைத் தாண்டிவிடுங்கள்.

இங்கே வரை சொன்னது ஊகத்துக்கு வழி. உறுதிக்கு ஒரே சாட்சிதான் உண்டு: ஓடும்போது எடுத்த பெட்ரோல் பிரஷர். வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் மாட்டுகிற ஸ்கேனரை வைத்து ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு, பார்த்தேன், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முழு ஆக்ஸிலேட்டரில் பெரும்பாலான வண்டிகள் ஆக்ஸிஜன் சென்சாரைக் கேட்டுத் திருத்துவதை நிறுத்திவிடும், அந்த நேரத்து ட்ரிம் எண்ணுக்கு அர்த்தமில்லை. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் வைத்துப் பார்ப்பது இதைவிட மேல், ஆனால் அதிலும் ஒரு பொறி இருக்கிறது. மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதையும் லீன், அதாவது பெட்ரோல் குறைவு, என்றே காட்டும். பெட்ரோல் குறைந்தாலும் லீன், பிளக் எரியாவிட்டாலும் லீன். அதனால்தான் பிரஷரைப் பார்க்கச் சொல்கிறேன்.

இந்த மாதிரி எஞ்சின்களில் இன்ஜெக்டருக்குப் போகும் பிரஷர் பொதுவாக 3 முதல் 4 பார். உங்கள் மாடலின் எண்ணை சர்வீஸ் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயிலுக்குப் போகிற லைனில் ஒரு டீ ஜாயிண்ட் போட்டு, 0-10 பார் எலெக்ட்ரிக் சென்சார் ஒன்றை மாட்டி, வயரை மட்டும் உள்ளே கொண்டுவந்து டாஷ்போர்டில் மீட்டர் வைக்க வேண்டும். வயர் மட்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். பெட்ரோல் குழாயைக் கேபினுக்குள் கொண்டுவரும் பழைய வகை மீட்டரை எக்காரணம் கொண்டும் போடாதீர்கள். டேட்டா லாகர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு கேமராவை பின் சீட்டுக்கு நடுவில் கெட்டியாக மாட்டி, மீட்டரும் முன் கண்ணாடியும் ஸ்டியரிங்கும் ஒரே ஃப்ரேமில் வருகிற மாதிரி வையுங்கள். எஞ்சின் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். சாயங்காலம் உட்கார்ந்து அந்த வளைவை மட்டும் மெதுவாக ஓட்டிப் பார்த்தால் போதும்.

பம்ப் காற்று இழுத்தால் முள் சட்டென்று விழும், விழுந்த இடத்தில் நிற்காமல் துள்ளும், வண்டி நேரானதும் ஏறிவிடும். ஃபில்டரோ பம்ப்போ வோல்டேஜோ என்றால் துள்ளாது, ஆர்பிஎம் ஏற ஏற வழுக்கிக்கொண்டே இறங்கும். எஞ்சின் உதறும்போது முள் அசையாமல் நின்றால் டாங்கைக் கழற்ற வேண்டாம், இக்னிஷன் பக்கம், அதாவது காயில், பிளக் பக்கம் போங்கள். எவ்வளவு விழுந்தால் கவலை என்று கேட்டால், இன்ஜெக்டர் விடும் அளவு பிரஷரின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் மாறும். 3 பார் 2 பாராகக் குறைந்தால் பெட்ரோல் ஏறக்குறைய 18 சதவீதம் குறையும். முழு பவரில் 18 சதவீதம் குறைவு என்பது விளையாட்டில்லை, எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டும், பிஸ்டனும் வால்வும் சூடேறும். டர்போ வண்டியாக இருந்தால் ஒரே வளைவில் பிஸ்டன் போய்விடலாம். உங்களுடையது டர்போ இல்லை, அது உங்கள் அதிர்ஷ்டம். அதற்காக உதறலோடு ஒரு செஷன் முழுக்க ஓட்டாதீர்கள். இன்னொன்று, பெங்களூர் நைஸ் ரோட்டு இன்டர்சேஞ்ச் வளையத்தில் சுற்றிச் சுற்றி டெஸ்ட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். கூடாது. பக்கத்தில் லாரி வரும் ரோட்டில், இழுவை போய்விடும் என்று தெரிந்த வண்டியைத் தெரிந்தே அந்த நிலைக்குக் கொண்டுபோவது சோதனை ஆகாது.

மாட்யூலைக் கழற்றும் நாளில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். திறந்த வெளியாக இருக்கட்டும், பேட்டரியைக் கழற்றியிருக்கட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூடியைத் திறந்து மாட்யூலை நேராக, சாய்க்காமல், மெதுவாகத் தூக்கச் சொல்லுங்கள். நல்ல கப் பெட்ரோலோடுதான் மேலே வரும், தூக்குகிறவர் கை கனத்தை உணரும். அப்படியே ஒரு சுத்தமான தட்டின் மேல் பிடித்துப் பத்து நிமிஷம் பாருங்கள். ஒன்றிரண்டு சொட்டு விழுந்தால் பரவாயில்லை. அடியிலிருந்து கோடு கட்டி ஊற்றினால் வால்வு போய்விட்டது. அந்த வால்வு பெரும்பாலும் ஒரு சின்னக் குடை மாதிரி ரப்பர்தான். உப்பி, ஓரம் சுருண்டு, ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அடுத்து ஜெட்டுக்குப் போகும் ஹோஸ் மாட்டியிருக்கிறதா, குழாய் நுனியில் கீறல் இருக்கிறதா என்று லைட் அடித்துப் பாருங்கள். பேட்டரியில் ஓடும் டார்ச்சாக இருக்கட்டும், ஒயர் போட்ட பல்பு வேண்டாம். இவற்றில் ஏதாவது ஒன்று மாட்டிக்கொண்டால், முழு மாட்யூலைக் கம்பெனி பார்ட்டாகவே வாங்கிப் போட்டுவிடுங்கள். கப்புக்குப் பசை போட்டு ஒட்டுகிற வேலை பெட்ரோலில் நிற்காது.

வண்டியைப் பார்க்காமல் எவ்வளவு தூரம் சொல்லலாம் என்றால், நீங்கள் எழுதிய விவரங்கள் உண்மையாக அப்படியே இருந்தால் கப்பில்தான் கோளாறு என்று பந்தயம் கட்டுவேன். ஜெட்டா, வால்வா, கீறலா என்பதை இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்வது ஜோசியம். முக்கால் டாங்கிலும் அதே வளைவில் அதே மாதிரி வந்தால் என் பந்தயம் தோற்றது, பிரஷர் வீடியோவோடு வாருங்கள், மறுபடி முதலிலிருந்து யோசிப்போம்.

சிலர் உங்களிடம் சர்ஜ் டாங்க் போடச் சொல்லியிருக்கலாம். டாங்கிலிருந்து ஒரு பம்ப், ஒன்றரை இரண்டு லிட்டர் பிடிக்கும் தனிக் குப்பி, அதிலிருந்து எஞ்சினுக்கு இன்னொரு பம்ப். வேலை செய்யும், சந்தேகமே இல்லை. வரிப்பள்ளம் இல்லாத ஸ்லிக் டயரில் பந்தயம் ஓட்டுகிறவர்களுக்கு அது வேண்டும். ரோட்டு டயரில், மாதம் ஒருமுறை ட்ராக்கில் ஓட்டிவிட்டு அதே வண்டியில் வீட்டுக்கு வருகிற உங்களுக்கு அது அதிகப்படி. கசியக்கூடிய ஜாயிண்டுகள் கூடும், குப்பியை டிக்கியில் வைத்தால் கேபினுக்கும் அதற்கும் நடுவில் தகடு அடித்து மூட வேண்டும், போட்டியில் இறங்கினால் வண்டியைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் கேள்வி வரும். கம்பெனி கப் ஒழுங்காக இருந்து, செஷனுக்கு முன் பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தால் உங்களுக்குப் போதும். இருபது நிமிஷ செஷனுக்கு ஐந்தாறு லிட்டர் போகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. பெட்ரோல் இடது பக்கம் ஒதுங்குகிற அதே நொடியில் எஞ்சினுக்கு அடியிலுள்ள தொட்டியான சம்ப்பில் இருக்கும் ஆயிலும் ஒதுங்குகிறது. பெட்ரோல் வராவிட்டால் எஞ்சின் உதறி உங்களுக்குச் சொல்லிவிடும். ஆயில் வராவிட்டால் சொல்லாது, பேரிங் தேய்ந்த பிறகுதான் சத்தம் வரும். அடுத்த முறை ட்ராக்கில் இறங்கும் முன் சமதரையில் நிறுத்தி, டிப்ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள், நடுவில் இருந்தால் ஊற்றி மேல் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், அதைத் தாண்ட வேண்டாம். கேமராவை மாட்டும்போது வண்டியின் சொந்த மீட்டரில் இருக்கும் சிவப்பு ஆயில் லைட்டும் ஃப்ரேமுக்குள் வருகிற மாதிரி வையுங்கள். அந்த வலது வளைவில் அது ஒரு கணம் மினுக்கினாலும் பெட்ரோல் விஷயத்தை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் பாருங்கள்.